நைனாவின் முகம் தெளிந்த விதம்

மருத்துவமனை அனுபவம் எழுதுகிறவர்கள் முதல் பத்தியிலேயே கடவுளுக்கும் மருத்துவர்களுக்கும் நன்றி சொல்லிவிடுகிறார்கள். நான் ஒரு துண்டுப் பிரசுரத்துக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் என் அப்பாவின் உயிரைக் காப்பாற்றியது அதுதான். அவரையும் இன்னும் சிலரையும் அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்ததிலும் அதற்குப் பங்கு உண்டு. எழுதியவன் நான் என்பதால் நன்றியை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வயது எழுபத்தாறு. மதுராந்தகம் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நைனா மட்டும் வயலை அண்ணன்மாருக்கு விட்டுவிட்டு அரசுப் பேருந்துக் கழகத்தில் சேர்ந்து, செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக ஓய்வு பெற்றார். டைம் கீப்பர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் தாமதம் என்று பதிவேட்டில் எழுதுவார், விசில் ஊதுவார், வண்டி கிளம்பும். ஓட்டுநர்கள் இறங்கி வந்து ரயில்வே கேட், மாட்டு மந்தை, டயர் பஞ்சர் என்று காரணம் சொல்வார்கள். நைனா நிமிர்ந்தே பார்க்க மாட்டார். "காரணம் எய்த இதுல எடம் இல்லபா. நிமிஷம் எய்தத்தான் எடம் கீது." ஓய்வு பெற்ற அன்று பதிவேட்டை ஒப்படைத்தார், விசிலை ஒப்படைக்கவில்லை. முப்பத்துநான்கு வருடப் பணியில் அவர் செய்த ஒரே கையாடல் அது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயது, கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளர். ஒரு மாத இதழில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன், வாசகர்கள் சிரிப்பதாக ஆசிரியர் சொல்கிறார். உள்ளூரில் என் புகழ் வேறு வகையானது. பணி ஓய்வு விழா, மணிவிழா, திறப்பு விழா எதுவானாலும் பேச்சு எழுதிக் கொடுப்பேன். இந்த மாவட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள் மேடையில் சிந்திய கண்ணீரில் கணிசமான பகுதி என் கைவண்ணம்.

நைனாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை உண்டு. அம்மா இல்லை. நானும் என் மனைவி சுமதியும் காலையில் வேலைக்குக் கிளம்பினால் அவரும் தொலைக்காட்சியும் தனியாக இருப்பார்கள். ஒருநாள் நடைப்பயிற்சியில் பழக்கமான கோதண்டம் என்பவர் வந்து, மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு நிலையம் திறந்திருக்கிறார்கள், சூடான கல் பதித்த கட்டிலில் நாற்பது நிமிடம் படுக்கலாம், இலவசம் என்று கூட்டிப்போனார்.

இலவசம் என்றதும் நான் கிண்டல் செய்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் கிண்டல் செய்வதை நான் எச்சரிக்கை செய்வதாக நினைத்துக்கொள்கிறவன். சிரித்துவிட்டால் கடமை முடிந்தது.

நிலையத்தில் பவித்ரா என்றொரு பெண் வேலை செய்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வருகிற கிழவர்களை எல்லாம் அப்பா என்பாள், கிழவிகளை அம்மா என்பாள். "அப்பா, சாப்டீங்களா? நேத்து ஏன் வரல? எனக்குப் பொழுதே போகல" என்பாள். கட்டில்கள் ஆறு, வருகிறவர்கள் நாற்பது பேருக்கு மேல். தள்ளுமுள்ளு ஆனது. மூன்றாம் நாளே நைனா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பெயர், தொலைபேசி எண், வந்த நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம் என்று கோடு போட்டார். நாலாம் நாள் விசிலை எடுத்துக்கொண்டு போனார். நாற்பதாவது நிமிடம் விசில் சத்தம் கேட்டால் ஆறு கிழங்களும் எழுந்துவிட வேண்டும். பவித்ரா கைதட்டி, "அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுங்க" என்றாளாம். பதினெட்டு வருடமாக யாரும் அவருக்கு நாற்காலி போடவில்லை. வீட்டில் அவர் உட்காரும் நாற்காலி, அவர் எழுந்தால் நான் உட்காருகிற நாற்காலி.

பொடி இரண்டாம் மாதம் வந்தது. மூலிகை என்றார்கள். கையடக்கமான வெள்ளிநிறப் பொட்டலம், மேலே ஒரு மலையின் படம். தயாரித்த இடம் இல்லை, தேதி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இல்லை. பெயர் மட்டும் கம்பீரமாக இருந்தது. அதை இங்கே எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். காலையும் மாலையும் வெந்நீரில் ஒரு பொட்டலம். பணத்துக்கு ரசீது கிடையாது, ஓர் இளஞ்சிவப்பு அட்டையில் நட்சத்திரம் ஒட்டுவார்கள். வாழ்நாள் முழுக்க டிக்கெட்டில்லாப் பயணியைப் பற்றிக் கோபப்பட்ட மனிதர் நட்சத்திரத்தை வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொடி வேலை செய்தது. பத்தே நாளில் முட்டி வலி போயிற்று. நைனா கொளவாய் ஏரிக்கரை வரை நடந்துபோய்த் திரும்பினார். பசி வந்தது. மூன்று தோசைக்காரர் ஆறு கேட்டார். ஒட்டிப்போயிருந்த கன்னம் மெல்ல மெல்ல நிறைந்து, நாலைந்து மாதத்தில் முகம் உருண்டு, பளபளவென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம், "டைம் கீப்பருக்கு மொகம் தெளிஞ்சிடுச்சிபா" என்றார்கள்.

சுமதி மட்டும் ஒருநாள் அடுப்படியில் என்னிடம், "மாமா மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி உப்பிகினு கீது? கையில பாத்தீங்களா, லேசா இடிச்சாலே நீலமா ரத்தம் கட்டுது. சர்க்கர வேற முந்நூறு காட்டுது" என்றாள்.

"இவ்ளோ காலம் பென்ஷன் வாங்கின மூஞ்சி. இப்பதான் சம்பளம் வாங்கற மூஞ்சியா மாறுது" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. நல்ல வரி.

சர்க்கரை ஏறியதற்கு நிலையத்தில் விளக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே வருகிறதாம். வெளியே வந்தால் நல்லதுதானே என்று நைனா என்னிடம் கேட்டார். தர்க்கம் சரியாக இருந்தது.

பிறகு முட்டுக்காட்டில் விழா. எல்லோரையும் வேனில் ஏற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய், படகில் ஒரு சுற்று சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு, மேடையேற்றினார்கள். பலன் அடைந்தவர்கள் சார்பில் நைனா பேச வேண்டும் என்று பவித்ரா கேட்டுக்கொண்டாளாம். நைனா என்னிடம் வந்து, மகனிடம் ஒன்று கேட்பதில் தகப்பன்களுக்கு இருக்கிற அந்தக் கூச்சத்தோடு, "ஒரு ரெண்டு பக்கம் எய்திக் குடுபா. ஊருக்கெல்லாம் எய்தற" என்றார்.

எழுதினேன். ஒரே உட்காரலில். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து "யார் நீங்கள், எந்த ஊர் வண்டி?" என்று நைனா கேட்பதாக ஆரம்பித்து, "என் முட்டிகள் இருபது வருடத் தாமதத்துக்குப் பிறகு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன" என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமானதாம். அதை அப்படியே துண்டுப் பிரசுரமாக அடித்தார்கள். மேலே இரண்டு புகைப்படங்கள், முன்பு, பின்பு. கீழே பொடி எழுத்தில், இது பயனாளியின் சொந்த அனுபவம், நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு வரி. அச்சுக்குப் போகும்முன் திருத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். அந்த வரியில் ஒரு பிழை இருந்தது. திருத்தினேன்.

இரண்டு பிரதிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ஆசிரியரிடம் காட்டலாம் என்று.

ஒரு திங்கட்கிழமை காலை நைனா நோட்டும் விசிலுமாகப் போனார். மண்டபத்துக்குப் பூட்டு. கட்டில்கள் இல்லை. பவித்ராவின் எண் உபயோகத்தில் இல்லை. மண்டபக்காரர், "வாடகை பாக்கிய வெச்சிட்டு ராவோட ராவா லாரில ஏத்திகினு போய்ட்டானுங்க" என்றார். நைனா பதினொரு மணி வரை அங்கேயே நின்றிருக்கிறார், வருகிறவர்களுக்குச் சொல்ல. வீட்டில் மிச்சமிருந்தது மூன்று பொட்டலம்.

அது தீர்ந்து ஐந்தாம் நாள், பல் துலக்கப் போனவர் கிணற்றடியில் சரிந்தார். அதற்கு முந்தைய இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, வாந்தி, நடக்கத் தெம்பில்லை. ஏக்கம் என்று நான் முடிவு செய்திருந்தேன். காதல் தோல்வி என்றுகூட சுமதியிடம் சொன்னேன். இதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

முதலில் நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் மருத்துவமனை. கண்ணாடிக் கட்டடம், வரவேற்பில் மீன்தொட்டி. ரத்த அழுத்தம் தரையில் கிடந்தது. ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்திருந்தது. "வயசாச்சுல்ல, இப்படித்தான் எறங்கும்" என்றார்கள். மயங்கி விழுந்ததால் இதயமாக இருக்கலாம் என்று ஆஞ்சியோ செய்தார்கள். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் பிடிப்பது. அடைப்பு இல்லை. எனக்கு மகிழ்ச்சி, அவர்களுக்கு ஏமாற்றம் மாதிரி தெரிந்தது. உப்புத் தண்ணீர் ஏற்றினால் கொஞ்சம் எழுவார், நிறுத்தினால் படுப்பார். நான்காம் நாள் ஒரு மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, "எழுபத்தாறு வயசு. எல்லா உறுப்பும் மெதுவா ஒவ்வொண்ணா விடைபெறும் சார்" என்றார். பில்லில் மட்டும் எந்த உறுப்பும் விடைபெறவில்லை. சுமதியின் வளையல் நான்கும் போயிற்று. கையைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

இந்த "வயசாச்சுல்ல" என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். ஐம்பது வயதில் ஒருவன் விழுந்தால் ஏன் விழுந்தான் என்று கேட்கிறோம். எழுபத்தாறில் விழுந்தால் வயதே பதிலாகிவிடுகிறது. வயதானவரை ஏமாற்றுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

ஐந்தாம் நாள் ஆம்புலன்ஸில் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி. மீன்தொட்டி இல்லை. ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை, முட்டுக்காட்டு மீனவர், காலில் சர்க்கரைப் புண். போய்ச் சேர்ந்த அரைமணியில் எங்களைத் தத்தெடுத்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்த, பெரிசுக்கு இன்னா?"

"தெரியல. பாத்துகினு கீறாங்க."

"தெரியாத வரைக்கும் நல்லது. எனக்குத் தெரிஞ்சி போச்சி, ரெண்டு வெரல எடுத்துட்டானுங்க."

வார்டைப் பார்த்துக்கொண்டவர் மேற்படிப்பு படிக்கும் ஓர் இளம் பெண் மருத்துவர். தூக்கமில்லாத கண், பையில் நான்கு பேனா. முதல் நாளே நைனாவின் மாத்திரைகளை எல்லாம் கட்டிலில் பரப்பி எழுதிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இதத் தவிர வேற ஏதாவது எடுத்துக்கிறாரா? நாட்டு மருந்து, பொடி, லேகியம், வெளியில யாராவது குடுத்தது?"

நைனா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இத்தனை நாளாக யோசிக்கிறேன், மரியாதையான காரணம் ஒன்றும் அகப்படவில்லை. பொடி என்று சொன்னால் எந்தப் பொடி என்று கேட்பார். பொட்டலத்தில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை. படித்த குடும்பமாக இருக்கிறீர்களே, இதையா வாங்கினீர்கள் என்பார். பிறகு யாராவது அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து காட்டுவார்கள். ஊரையெல்லாம் பார்த்துச் சிரித்துப் பிழைக்கிறவனுக்கு, தன்னைப் பார்த்து ஒரு வார்டு சிரிக்கும் என்பதைத் தாங்க முடியாது. மூலிகைதானே, அது என்ன செய்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிரசுரத்தில் நானே எழுதிய வாக்கியம் அது.

இரண்டாம் நாளும் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். இந்த ரத்த ரிப்போர்ட்டுக்கும் இவர் கதைக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு காணாமப் போயிருக்கு."

யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, "இல்ல மேடம்" என்றேன். சுமதி அப்போது கஞ்சி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியசாலியாக இருந்திருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை நைனாவின் ரத்த அழுத்தம் எழுபதுக்கு வந்தது. சர்க்கரை, முந்நூறு காட்டிய அதே உடம்பில், ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. கூப்பிட்டால் முனகல் மட்டும். நர்ஸ் ஓடினார், சலைன் வேகத்தைக் கூட்டினார்கள். மருத்துவர் மூன்றாவது தடவையாக என் பக்கம் திரும்பினார். சுமதி கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள்.

"அந்தப் பொடியச் சொன்னீங்களா?" என்றாள் என்னிடம்.



நான் பையைத் திறந்து, நான்காக மடித்திருந்த பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தேன். மருத்துவர் படிக்கவில்லை. என் எழுத்தின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு படங்களைப் பார்த்தார். முன்பு, பின்பு. பிறகு நைனாவின் முகம். மறுபடி படம்.

"இந்த ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல எத்தன மாசம்?"

"அஞ்சு."

"பொடி எப்ப நின்னுச்சு?"

"பன்னெண்டு நாள் ஆச்சு."

"இது தெளிஞ்ச முகம் இல்ல சார். இதுதான் வியாதி" என்றார். அதற்குள் நர்ஸிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொல்லியாகிவிட்டது.

ஊசி போட்டு, காலிப் பொட்டலம் ஏதும் கிடந்தால் கொண்டுவரச் சொல்லி சுமதியை அனுப்பிவிட்டு, நின்றபடியே எனக்கு விளக்கினார். நமது இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் குல்லாய் மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. ஸ்டீராய்டு என்கிற சரக்கை அது தினமும் அளவாகச் சுரக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு எல்லாம் சரியாக நிற்க அது வேண்டும். மூலிகைப் பொடியில் யாரோ ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்தால் வலி உடனே போகும், பசிக்கும், முகம் உருளும், தோல் மெலிந்து நீலம் கட்டும், சர்க்கரை ஏறும். வெளியிலிருந்து வருகிறதே என்று சுரப்பி வேலையை நிறுத்திவிடும். ஒருநாள் திடீரென்று வெளிவரத்து நின்றால், அந்த இடத்தில் ஆள் இல்லை. உடம்பு அப்படியே சரியும்.

"டைம் கீப்பர் இல்லாத பஸ் ஸ்டாண்டு" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்.

நண்பகலுக்குள் அழுத்தம் நூறைத் தொட்டது. மூன்று மணிக்கு நைனா கண்ணைத் திறந்து, சுவரில் நின்றுபோயிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "அது தப்பு" என்றார். பிறகு டீ கேட்டார். ஏழுமலை கட்டிலைத் தட்டி, "பெரிசு வண்டி எடுத்துட்ச்சி!" என்று கத்தினார். சுமதி வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் டீ வாங்கப் போனேன். எனக்கு அதுதான் பொருத்தமான வேலையாக இருந்தது.

மறுநாள் மருத்துவர் நைனாவிடம் கேட்டார். "தாத்தா, இந்தப் பொடிய உங்ககூட வேற யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

"எல்லாரும்."

"அவங்களுக்கும் அதே அன்னிக்குத்தானே நின்னிருக்கும்?"

நைனாவுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. புரிந்ததும் ரத்த அழுத்தத்துக்கு நல்லதில்லை என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் எழுந்து உட்கார்ந்தார். "நோட்டு. என் நோட்ட எட்தாங்க."

கையில் ஊசிக் குழாயோடு, மடியில் நோட்டோடு, வரிசை எண்படி நாற்பத்துமூன்று பேரையும் அவரே கூப்பிட்டார். எண்ணை நான் அழுத்துவேன், அவர் பேசுவார். "டைம் கீப்பர் பேசறேன். பொடி தீந்து எத்தன நாளாச்சி? வாந்தி கீதா? தல சுத்துதா? அப்ப இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு வா. நாளைக்கி இல்ல, இன்னிக்கி. அந்தக் கவர தூக்கிப் போடாத, எடுத்துகினு வா." சொன்னவுடன் பெயருக்கு நேரே நேரத்தைக் குறிப்பார்.

எல்லோரும் நன்றி சொல்லவில்லை. ஓர் அம்மாள், "நீ மேடையில பேசனத கேட்டுத்தானே நா வாங்கனேன்? இப்ப போன்ல பேசறத கேட்டு வுடணுமா? இன்னாய்யா ஆளு நீ?" என்றார். போனின் ஒலிபெருக்கியில் வார்டு முழுக்கக் கேட்டது. நைனா, "ஆமாமா. ரெண்டும் நாந்தான். கெளம்பி வா" என்றார். இன்னொருவர் வேறு ஊரில் அதே பொடி கிடைக்குமா என்று விசாரித்தார்.

பதினேழாவது பெயர் கோதண்டம். நைனாவை முதன்முதலில் அங்கே கூட்டிப்போனவர். மருமகள் எடுத்தாள்.

"அவரு போய் ஒம்போது நாளாச்சி தாத்தா. சொல்லி அனுப்ச்சமே, நீங்கதான் வரல."

"எப்டிமா?"

"வாந்தி எடுத்துகினே இருந்தாரு. காலையில பாத்தா இல்ல. வயசாச்சில்ல."

நைனா தொலைபேசியைக் கீழே வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, கோதண்டத்தின் பெயருக்கு நேரே எதுவும் எழுதாமல், பதினெட்டாவது எண்ணைச் சொன்னார்.

அந்த வாரத்தில் அதே வார்டுக்கும் பெண்கள் வார்டுக்குமாக ஏழு பேர் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேருக்கும் முகம் தெளிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. நைனா தினமும் ஒரு மாத்திரை எடுக்கிறார், மாதாமாதம் அளவைக் குறைத்துச் சுரப்பியை வேலைக்குத் திரும்ப அழைக்க வேண்டுமாம். அதே ஸ்டீராய்டுதான். ஒரே வித்தியாசம், இதற்குப் பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. மாத்திரை குறையக் குறைய முகமும் இறங்குகிறது. முட்டி வலி நிலுவையோடு திரும்பிவிட்டது. தெருவில் பார்ப்பவர்கள், "ஐயே, டைம் கீப்பர் எப்டி இருந்தாரு, இப்டி ஒடுங்கிட்டாரே" என்கிறார்கள். நான் இப்போது பதில் சொல்வதில்லை.

பவித்ராவைப் பற்றி நைனா ஒரே ஒருமுறை பேசினார். "அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்ன்ற?" என்றார். தெரியாது நைனா என்றேன். எனக்கு நிஜமாகவே தெரியாது. பிறகு, "தெனம் சாப்ட்டியான்னு கேக்கும்" என்றார். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். நம்பிக்கையோடு சொல்லவில்லை. ரசீது இல்லை, இருப்பது நட்சத்திர அட்டை. பொட்டலத்தில் முகவரி இல்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுத்த காலிப் பொட்டலத்தின் சோதனை முடிவு வரவில்லை. மருத்துவமனைச் சீட்டில் "சந்தேகிக்கப்படுகிறது" என்ற சொல் இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வாசிக்கப்போவது துண்டுப் பிரசுரத்தைத்தான் என்றார். "நல்லா எழுதியிருக்கான் சார் யாரோ. கோர்ட்டே சிரிச்சிரும்."

நைனா மனு போடுவது என்று முடிவு செய்தார். கோதண்டம் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய்வந்த மறுநாள் அது. "நீயே எய்து" என்றார் என்னிடம். "ஆனா சிரிப்பு காட்டாத."

நான்கு முறை எழுதினேன். நைனா பழைய சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அடித்தார். முட்டி சரியான நேரத்துக்கு வந்ததாக எதையும் எழுதவில்லை, ஆனாலும் பழக்கத்தில் எங்கேயாவது ஒரு வரி வாலை ஆட்டும். அடித்துவிடுவார். ஐந்தாவது பிரதியில் நடந்தது மட்டும் இருந்தது. அவ்வளவு மோசமாக நான் எதுவும் எழுதியதில்லை.

படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "எதிர்த்தரப்பினர்னு போட்டுகினு கீது. ஒண்ணு, கம்பெனி. ரெண்டு, கிளை மேனேஜரு. மூணு?"

"மூணாவது யாரும் இல்ல நைனா."

"கீது. எய்து. அந்தப் பேச்ச எய்திக் குடுத்தவன்."

சுமதி காய் நறுக்குவதை நிறுத்தினாள். நான் வழக்கறிஞரைக் கூப்பிட்டேன், ஒலிபெருக்கியில். அவர் பதறினார். "ஐயா, மகனச் சேத்தா கேஸ் பலவீனமாயிரும். அவர்கிட்ட என்ன நிவாரணம் கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்கல. பேரு இருக்கணும்" என்றார் நைனா. "நாளைக்கி அந்தப் பக்கத்து வக்கீல் எட்து படிச்சிட்டு இத எவன் எய்தினான்னு கேக்கறதுக்கு முன்னாடி நம்மளே சொல்லிட்டா போச்சி. கோதண்டம் மருமவளுக்கும் ஒரு காப்பி குடுக்கணும்."

வழக்கறிஞர் போனை வைத்துவிட்டார்.

மூன்று என்று தட்டச்சு செய்து என் பெயரைப் போட்டேன். பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து வந்தது. மேலே மனுதாரரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அதே எழுத்து. அச்செடுத்துக் கொடுத்தேன்.

"நைனா, வார்டுல அன்னிக்கு நா..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டுகினுதான் இருந்தேன்" என்றார். "நீ சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன். அப்பறம்தான் ஒண்ணும் தெரியாம போச்சி."

காரணம் சொல்ல வாயெடுத்தேன். நைனா நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, பழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் குறித்தார். பத்து நாற்பத்திரண்டு. வழக்கறிஞருக்கான பிரதிகளை ஒதுக்கிவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதியை எடுத்து, மூன்றாம் பெயருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் சிறிதாக எழுதினார்.

தாமதம்: 2 நாள்.